சபை அழைப்பிதழை ஸ்பானிஷில் மொழிபெயர்ப்பது: சில சொற்களில் சந்தேகம்

கேள்வி:
புராட்டஸ்டண்ட் சபை ஒன்றின் இளைஞர் கூட்டத்துக்கான ஆங்கில அழைப்பிதழை, மெக்சிகோ வாசகர்களுக்காக ஸ்பானிஷில் மொழிபெயர்த்து வருகிறேன். 'மினிஸ்டர்' என்பதற்கு 'மினிஸ்த்ரோ' என்று எழுதலாமா? 'சர்ச் சர்வீஸ்' என்பதற்கு எது பொருந்தும்? 'ஹே கைஸ்' என்ற தொடக்கத்தில் உள்ள நெருக்கமும் 'காட் இஸ் ஆசம்' என்ற வரியில் உள்ள பக்தியும் குறையாமல் எழுத விரும்புகிறேன்.

பதில் 1:
'மினிஸ்த்ரோ' என்றதும் பலருக்கு அரசாங்க அமைச்சரோ, மெக்சிகோவிலாயின் உச்ச நீதிமன்ற நீதிபதியோ நினைவுக்கு வரலாம். ஆகவே 'பாஸ்தோர்' என்றே எழுதுங்கள், பெண்ணாயின் 'பாஸ்தோரா'. 'சாசெர்தோதே', 'கூரா' ஆகியவை கத்தோலிக்கக் குருவையே நினைவூட்டும். அவ்வாறே, 'மீசா' கத்தோலிக்கத் திருப்பலியைக் குறிப்பதால், உங்கள் சபையின் ஆராதனைக்குக் 'குல்தோ' என்பதே ஏற்றது.

பதில் 2:
'கைஸ்' என்பதற்கு 'முச்சாச்சோஸ்' போதும். 'ஆசம்' விஷயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். மெக்சிகோவில் இளைஞர்கள் வியப்போடு சொல்லும் 'கே பாத்ரே' ('எவ்வளவு அருமை'), கூட்டத்தை 'ஆசம்' என்று சொல்லும் வரி இருந்தால் அதற்கு அழகாகப் பொருந்தும். ஆனால் 'பாத்ரே' என்பதற்குத் தந்தை என்றும் குருவானவர் என்றும் பொருள் இருப்பதால், இறைவனைப் போற்றும் வரியில் அது வாசகரைக் குழப்பிவிடும். அங்கே 'அற்புதமானவர்' என்ற பொருளில் 'மாராவியோசோ' என்றோ, 'நம் தேவன் பெரியவர்' என்ற பொருளில் 'கிராந்தே எஸ் நுவெஸ்த்ரோ தியோஸ்' என்றோ எழுதுவதே என் விருப்பம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு இடங்களில் இரண்டு சொற்களைக் கையாளத் தயங்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பரவலாகப் பயன்படும் ஸ்பானிஷ் வேதாகமமான ரெய்னா-வலேரா 1960 பதிப்பிலிருந்து ஒரு வசனத்தைச் சேர்த்திருக்கிறேன். அதில் 'வோசோத்ரோஸ்' என்று வருகிறது. என் வாக்கியங்களிலோ 'உஸ்தேதேஸ்' இருக்கிறது. இரண்டுமே பலரை நோக்கிச் சொல்லும் 'நீங்கள்'தான். இரு இடங்களிலும் ஒரே சொல்லாக மாற்ற வேண்டுமா? இறுதியில் வரும் 'காட் ப்ளெஸ் யூ' என்பதை எப்படி எழுதுவது?

பதில் 2:
வசனத்தை அச்சிட்டுள்ளபடியே மேற்கோளாக விட்டுவிடுங்கள். மெக்சிகோவின் அன்றாடப் பேச்சில் 'வோசோத்ரோஸ்' வழங்குவதில்லை என்றாலும், வேதாகம நடைக்குப் பழகிய காதுகளுக்கு அது உறுத்தாது. உங்கள் சொந்த வாக்கியங்களில் மட்டும் 'உஸ்தேதேஸ்' மாறாமல் இருக்கட்டும். அதற்கிணங்க முடிவில் 'கே தியோஸ் லோஸ் பென்தீகா' என்று எழுதுங்கள். ஸ்பெயின் நாட்டினருக்காயின், 'உங்களை' என்று பொருள்படும் 'லோஸ்' என்பதன் இடத்தில் 'ஓஸ்' வரும்.

பதில் 1:
ஒன்றைச் சேர்க்கிறேன். யாரேனும் தும்மும்போது சொல்லும் 'ப்ளெஸ் யூ' உங்கள் கூட்டத்தின் குறுநாடகம் எதிலாவது வந்தால், அதை ஆசீர்வாதமாக மொழிபெயர்க்க வேண்டாம். மெக்சிகோவில் அதற்கு 'சலூத்' (உடல்நலம்) என்பார்கள். ஸ்பெயினில் 'ஹெசூஸ்' (இயேசு) என்று சொல்வதும் உண்டு.