மாமாவின் தலை டையும் திருக்கடையூர்க் கலசமும்

கும்பகோணத்து மருமகன்:

இளமையாகத் தெரிய நம் ஆட்கள் படும் பாட்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லலாம் என்றதும் எனக்கு மாமாவின் அறுபதாம் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது.

மாமாவுக்கு நாற்பது வயதிலேயே தலை நரைத்துவிட்டது. அதை அத்தையைத் தவிர யாரும் பார்த்ததில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், கொல்லைப்புறத்தில் உட்காருவார். பழைய பனியன், பழைய டூத் பிரஷ், கொட்டாங்கச்சியில் கரைத்த பாக்கெட் டை. மீசைக்குத் தனி பிரஷ். அந்த அரை மணி நேரத்தில் வாசலில் யார் கூப்பிட்டாலும் "மாமா பூஜையில் இருக்கிறார்" என்று சொல்ல வேண்டும். லீவுக்குப் போகும்போதெல்லாம் அந்த வேலை எனக்குத்தான்.

அறுபது நிறைந்ததும் திருக்கடையூரில் வைத்துக்கொண்டார்கள். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனையே காலால் உதைத்து, என்றும் பதினாறாக இரு என்று வரம் கொடுத்த ஊர். அந்த ஊருக்கு அறுபதைக் கொண்டாடப் போன மனிதர், அறுபது தெரியக் கூடாது என்று முந்தின இரவு லாட்ஜில் டை அடித்தார். பத்திரிகை அச்சடித்து ஊருக்கே கொடுத்தாகிவிட்டது, இனி யாரிடம் மறைப்பது? கேட்டால் "போட்டோ எடுப்பாங்கடா" என்றார்.

டை காய்ந்து அலசப் போகும் நேரத்தில் லாட்ஜில் தண்ணீர் நின்றுவிட்டது. பக்கெட்டில் இருந்த அரைப் பக்கெட்டை வைத்து ஒப்பேற்றிவிட்டுப் படுத்துவிட்டார். விடியற்காலை குளிக்கும்போதும் தலைக்கு ஊற்றவில்லை. "எப்படியும் கலசத் தண்ணீர் விழத்தானே போகுது, ரெண்டு தடவை நனைஞ்சா சளி பிடிக்கும்" என்பது அவர் கணக்கு.

மண்டபத்தில் எங்களோடு சேர்த்து ஏழெட்டு ஜோடி. மாமாவும் அத்தையும் மணையில் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே சல்லடை பிடித்து, முதலில் பிள்ளைகள், அப்புறம் சொந்தக்காரர்கள் என்று வரிசையாக ஊற்றினோம். என் முறை வந்தபோதுதான் கவனித்தேன், மாமாவின் காதோரம் ஒரு கறுப்புக் கோடு. அடுத்த செம்புக்கு அது கழுத்தில் இறங்கியது. அதற்கடுத்ததற்கு முதுகெல்லாம் மை. அத்தையின் மஞ்சள் புடவைத் தோளில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு. குருக்கள் கொஞ்சம்கூட அசரவில்லை. "நன்னா ஊத்துங்கோ, எல்லாம் கரையட்டும்" என்றார். மண்டபமே சிரித்தது. பக்கத்து மணையில் இருந்த அறுபது வயது மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவர் கை மெதுவாகத் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

அத்தைதான் முந்தானையால் காதைத் துடைத்துவிட்டபடி சொன்னார்: "இருபது வருஷப் பூஜை இப்படிக் கலைஞ்சுபோச்சே."

பார்லர்க்காரி, சேலம்:

நன்றாகச் சிரித்தேன். ஆனால் இருபது வருடம் பத்து நாளுக்கு ஒருமுறை என்பது சிரிக்கிற விஷயம் இல்லை சார். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். பத்து நாளில் வகிட்டில் மூன்று மில்லிமீட்டர் வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்துவிடும். தலை முழுக்க வெள்ளையாக இருந்தால்கூட மனசு ஆறும், அந்தக் கோட்டைத்தான் யாராலும் தாங்க முடியாது. என் பிழைப்பில் பாதி அந்தக் கோட்டால் ஓடுகிறது.

எங்களிடம் 54 வயது அம்மா ஒருவர் பன்னிரண்டு வருடமாக ஒரே டை போட்டுவந்தார். ஒருநாள் போட்டுவிட்டுப் போனவர், மறுநாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இமை வீங்கிக் கண்ணே திறக்கவில்லை, நெற்றியில் நீர் கோத்திருந்தது. "இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டதுதானே" என்று நானும் பரிசோதிக்காமல் விட்டிருந்தேன். என் தப்பு. தோல் டாக்டர்தான் விளக்கினார்: கறுப்பு டைகளில் பெரும்பாலும் பாராஃபினிலீன் டையமீன் என்ற பி.பி.டி. இருக்கிறது, பல வருடம் ஒத்துக்கொண்ட உடம்பு திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று. ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் மறுபடி அதைத் தொடவே கூடாது. அன்றிலிருந்து யார் வந்தாலும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் மற்றது. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு, போகட்டும்.

"நான் கெமிக்கல் போடுவதில்லை, கறுப்பு மருதாணிதான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுத்தமான மருதாணி செம்பட்டையாகத்தான் பிடிக்கும். அதன் மேல் திண்டிவனம் பக்கம் விளைகிற அவுரி என்ற நீலச் சாயச் செடியின் பொடியைக் குழைத்துப் போட்டால் கறுப்பு வரும், ஆனால் பல மணி நேர வேலை. பாக்கெட்டைப் பிரித்த அரை மணியில் கன்னங்கரேல் என்று ஆனால் அது மருதாணியின் சாமர்த்தியம் இல்லை.

இன்னொன்று. வருகிறவர்கள் எல்லாரும் இருபது வயதாக ஆசைப்படுகிறவர்கள் இல்லை. மகன் வீட்டுக்கு வெளிநாடு கிளம்பிய ஒரு பாட்டி, "பேத்தி வீடியோவுல பாத்தது இந்தக் கறுப்பு முடியைத்தான், ஏர்போர்ட்டுல அடையாளம் தெரியணும்ல" என்றார். அன்று அவரிடம் நான் காசு வாங்கவில்லை.

நாற்பத்தெட்டு:

என் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை. வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். விற்பனைத் துறை. காதோர நரையோடு இரண்டு இன்டர்வியூ போனேன், இரண்டு இடத்திலும் "எங்க டீம் ரொம்ப யங்" என்றார்கள். மூன்றாவதற்கு டை அடித்து, கட்டம் போட்ட சட்டை மாற்றி, மீசையை எடுத்துவிட்டுப் போனேன். கிடைத்தது. டையால்தான் கிடைத்ததா, தெரியாது. இப்போது நிறுத்தவும் முடியவில்லை, ஒரே மாதத்தில் வெளுத்தால் வியாதி என்பார்கள்.

சின்ன வயசு ராஜா என்று வழக்காடிகள் தயங்கியதால் கரிகாலன் நரைமுடி வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னானாம். பள்ளியில் படித்த கதை. அவனுக்கு வெள்ளை தேவைப்பட்டது, எனக்குக் கறுப்பு.

பேர் வேண்டாம்:

நான் முகத்தைக் கெடுத்துக்கொண்டவள். வயது 51. கன்னத்தில் மங்கு, கறுப்புத் திட்டு. மருந்துக்கடையில் கேட்டதும் சின்ன ட்யூப் ஒன்றைக் கொடுத்தார்கள், டாக்டர் சீட்டு கேட்கவில்லை. மூன்றே வாரத்தில் கல்யாண வீட்டில் எல்லாரும் "பத்து வயசு குறைஞ்சிட்டீங்க அக்கா" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக எட்டு மாதம் போட்டேன். வெயிலில் நின்றால் எரிச்சல் வந்தது, கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது, தாடையில் முடி முளைத்தது. நிறுத்தினால் முகம் தீயாய் எரியும், அதனால் மறுபடி போடுவேன்.

டாக்டர் ட்யூபைத் திருப்பிப் படித்தார். மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, கூட ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். மங்குக்கு டாக்டர் பார்வையில் கொஞ்ச காலம் போட வேண்டிய மருந்து, தினசரி பூச்சு இல்லை. இப்படி ஸ்டீராய்டு உள்ள 14 க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு யார் சொன்னார்கள்? முகம் குணமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. மங்கு அப்படியேதான் இருக்கிறது.

வழுக்கைக் கட்சி:

முடி வளர மினாக்ஸிடில் தடவினேன். முதல் ஆறு வாரம் இருந்ததும் கொட்டியது. அப்புறம் கொஞ்சம் வந்தது. அலுத்துப்போய் நிறுத்தினேன், வந்ததும் போனது. முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்தாம் அது. எனக்கு இப்போது அதுவும் இருக்கிறது.

கும்பகோணத்து மருமகன்:

சேலத்து அம்மா எழுதியதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். காதுக்குப் பின்னால் பொட்டு வைத்துப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். விட மாட்டார் போலிருக்கிறது.

போட்டோக்காரர் ஆல்பத்தில் அந்தக் கறுப்புக் கோடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் அழித்துக் கொடுத்தார். அத்தை விடவில்லை. அழிக்காத படத்தைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார். மாமா முதுகில் மை வழிய உட்கார்ந்திருக்கிறார், அத்தை வாய்விட்டுச் சிரிக்கிறார். யாராவது வந்தால் மாமா ஓடிப்போய் அதற்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார். தலை மறைக்குமாம். படம் ஒரு முழம் மேலே இருக்கிறது.