பொங்கோவின் பென்சில் படமா, சட்டம் போட்ட வண்ணப் படமா?

உப்பளத்தூராள்:
வணக்கம். தூத்துக்குடியில் பள்ளி ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். கையால் வரைந்த பழைய அனிமேஷன் படங்களின் அசல் தாள் ஒன்றாவது என்னிடம் இருக்க வேண்டும் என்று பல வருடமாக ஆசை. அண்ணன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே ஓர் ஏலத்தில் இரண்டு பொருள்கள் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு வருகின்றன. விலை என் ஒன்றரை மாதச் சம்பளம். நாளைக்குள் எது என்று சொல்ல வேண்டும்.

ஒன்று, டிஸ்னியின் 'நூற்றியொரு டால்மேஷியன்கள்' படத்துக்கு (1961) வரைந்த பென்சில் படம். அதில் வரும் பொங்கோ என்ற நாய் தலையைத் திருப்புகிறது. கண் பாதி மூடியிருக்கிறது, உடம்பு கழுத்துக்குக் கீழே இரண்டு கோட்டோடு நின்றுவிடுகிறது. சிவப்புப் பென்சிலில் போட்டு அதன்மேல் கறுப்பில் இழுத்திருக்கிறார்கள். கீழ் மூலையில் ஓர் எண், ஓரத்தில் ஏணி மாதிரி ஏதோ கோடு. தாள் பழுத்துவிட்டது.

இன்னொன்றிலும் அதே பொங்கோதான், பளிச்சென்ற வண்ணத்தில். 'செரிசெல்' என்று போட்டிருக்கிறது. சட்டமும் சான்றிதழும் உண்டு. அண்ணனுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. "மற்றது கிறுக்கல், கண்ணைக்கூடத் திறக்கவில்லை" என்கிறான். எனக்கு மனசு அந்தக் கிறுக்கலிலேயே நிற்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்சில்தூள்:
பென்சில் படம்தான் அம்மா. இரண்டாவது யோசனையே வேண்டாம்.

செரிசெல் என்பது ஸ்கிரீன் பிரிண்டிங். விற்பதற்காகவே அச்சடித்தது, படப்பிடிப்புக் கேமராவுக்கு அடியில் ஒருநாளும் போனதில்லை. சான்றிதழை நிதானமாகப் படித்தால் அதிலேயே இருக்கும். சுவரில் மாட்ட அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் தாளின் ஓரத்தில் இருக்கும் ஏணிக்குப் பெயர் டைமிங் சார்ட். அசைவின் முக்கியமான நிலைகளை அனிமேட்டர் வரைந்துவிடுவார். நடுவில் எத்தனை படம் வர வேண்டும், எந்தப் படம் எதை ஒட்டி நிற்க வேண்டும் என்று உதவியாளருக்கு அந்த ஏணியில் சொல்லிவைப்பார். படிகள் நெருங்கினால் அசைவு மெதுவாகும், விலகினால் வேகமெடுக்கும். சென்னையில் வெளிநாட்டுத் தொடர்களுக்கு வேலை செய்த ஸ்டூடியோ ஒன்றில் ஆறு வருடம் இன்பிட்வீனராக, அதாவது அந்த நடுப் படங்களை வரைபவனாக இருந்தேன். எனக்குச் சோறு போட்டது அந்த ஏணிதான். வினாடிக்கு 24 பிரேம், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம். நல்ல நாளில்கூட மூன்று வினாடி அசைவை முடிப்பதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகும்.

கண் மூடியிருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். முழு உருவமும் திறந்த கண்ணும் இருந்தால் சந்தையில் விலை கூடும், மூடியிருந்தால் குறையும். அதனால்தான் உங்கள் கைக்கு எட்டுகிறது. தலை திரும்பும்போது பாதி வழியில் கண்ணை மூடித் திறக்கவைப்பது அந்தக் காலத்துக் கைப்பழக்கம். அப்படிச் செய்யாவிட்டால் பொம்மை திரும்புகிற மாதிரி இருக்கும். திருப்பத்தின் நட்டநடுத் தாள் உங்களுக்குக் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தால் நானும் அதைத்தான் எடுப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தப் படத்துக்கே உரிய விஷயம். 1959-இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' வரை, பென்சில் படத்தின்மேல் செல் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை வைத்து மைப் பிரிவுப் பெண்கள் பேனாவால் ஒவ்வொரு கோடாக நகலெடுத்தார்கள். அபாரமான கை அவர்களுடையது. ஆனால் அனிமேட்டரின் கோடு அப்படியே திரைக்கு வராது. பொங்கோவின் உடம்பில் மட்டும் 72 புள்ளி. நூறு நாய்களுக்கு அப்படிப் பேனா பிடித்தால் படம் முடியுமா? டிஸ்னியின் தொழில்நுட்ப வல்லுநர் அப் ஐவர்க்ஸ் (Ub Iwerks) ஜெராக்ஸ் முறையை ஸ்டூடியோவுக்கு ஏற்றபடி மாற்றி, பென்சில் கோட்டை நேராக செல்லில் பதியவைத்தார். முழுநீளப் படத்தில் அதை முழுக்கப் பயன்படுத்தியது இதில்தான். அந்தச் சொரசொரப்பான கோடு வால்ட் டிஸ்னிக்குப் பிடிக்கவில்லை. எனக்கு உயிர். திரையில் நாம் பார்த்தது பென்சில் கோட்டைத்தான், அது இருக்கும் தாளைத்தான் நீங்கள் வாங்கப்போகிறீர்கள்.

பணம் கட்டுமுன் அண்ணனிடம் ஒரு வேலை சொல்லுங்கள். தாளைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் பிடித்து அனுப்பட்டும். அழுத்தி வரைந்த இடத்தில் பள்ளம் தெரிய வேண்டும், கிராஃபைட் மினுமினுக்க வேண்டும். அச்சில் இரண்டும் இருக்காது. அப்புறம் படத்தை ஓடவிட்டு அந்தத் திருப்பத்தைத் தேடிப் பிரேமை நிறுத்திப் பாருங்கள். காதின் வளைவும் மூக்கின் கோணமும் ஒத்துப்போனால் சரி. ஆனால் அடியில் விளக்கெரியும் லைட் பாக்ஸில் வைத்து நகலெடுத்த போலியும் அப்படியே பொருந்தும். அதனால் கோட்டின் துணிச்சலையும் பாருங்கள். நகலெடுப்பவன் கை தயங்கும், கோடு புழு மாதிரி நெளியும். ஓவிய ஆசிரியைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உப்பளத்தூராள்:
சார், ரொம்ப நன்றி. அண்ணன் படம் அனுப்பினான், பள்ளம் நன்றாகத் தெரிகிறது. கோட்டில் தயக்கமே இல்லை. ஏலத்தில் எடுத்தாயிற்று! லேமினேட் செய்து சுருட்டி அனுப்பட்டுமா என்று கேட்கிறான். இங்கே உப்புக்காற்று, அதனால் அதுவும் நல்லதுதானோ?

ராமபாணம்:
ஐயோ, லேமினேஷன் வேண்டவே வேண்டாம்! நான் பழைய ஆவணங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். சூடும் பசையும் தாளுக்குள் இறங்கிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது, பழுத்துக் கறை விட்டுவிடும்.

பிளாஸ்டிக் உறையில் போடச் சிலர் சொல்வார்கள். பாலியெஸ்டர் உறை தாளுக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் அதன் நிலைமின்சாரம் பென்சில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். அமிலமில்லாத தாளில் மடிப்புறை செய்து, அட்டைப் பெட்டியில் படுக்கைவசமாக வையுங்கள். பீரோவின் அடித்தட்டிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், ஈரம் ஏறும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் இருந்தால் போதும், என் பெயரே அதுதான். மாட்டியே ஆக வேண்டுமென்றால் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டைச் சாளரம் வைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். சிவப்புப் பென்சில் வெளிச்சத்தில் வெளுக்கக்கூடும்.

பென்சில்தூள்:
ராமபாணம் சொன்னபடியே செய்யுங்கள். ஓரத்துக் குறிப்பையும் எண்ணையும் அழகுக்காக யாராவது அழிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். சட்டம் போடும்போது வரையும்போது தாள் நகராமல் மாட்டிவைக்கப் போட்ட துளைகளும் ஏணியும் வெளியே தெரியட்டும்.

இந்தத் தாள்கள் தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். 1940களில் டிஸ்னியில் வேலை பார்த்த ஜான் பாஸ்மாஜியன், குப்பைக்குப் போகவிருந்த படங்களை வீட்டில் கொண்டுபோய் வைத்தார். 1984-இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் அந்தச் சேகரிப்பை ஏலம் விட்டது. நான் வேலை செய்த இடத்தில் அப்படி யாரும் இல்லை. தொடர் முடிந்ததும் எங்கள் தாள்களைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டார்கள். நாலு தாள் கேட்டேன், தரவில்லை. ஆறு வருட வேலையில் இன்று என்னிடம் ஒரு கோடுகூட இல்லை.

உப்பளத்தூராள்:
படித்ததும் மனசு கனத்துவிட்டது, சார். அண்ணனிடம் சுருட்டாதே என்று சொல்லிவிட்டேன். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் வைத்துப் பொங்கலுக்கு வரும்போது கைப்பெட்டியிலேயே கொண்டுவருகிறான். நேற்று இரவு அந்தப் பிரேமைக் கண்டுபிடித்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடுகிறது, நிறுத்தி நிறுத்திப் பத்துத் தடவை பார்த்தேன். தாள் வந்ததும் ஓரத்து ஏணியைப் படம் பிடித்து இங்கே போடுகிறேன். அந்தத் திருப்பத்துக்கு இன்னும் எத்தனை தாள் இருந்திருக்கும் என்று நீங்கள் எண்ணிச் சொல்ல வேண்டும்.