அலெஜ்ட்லி, ரிப்போர்ட்டட்லி, அப்பேரன்ட்லி: மூன்றுக்கும் 'கூறப்படுகிறது' போடலாமா?

இரவுமேசை:
வணக்கம். ஒரு நாளிதழில் செய்திப் பிரிவில் இருக்கிறேன். இரவு ஷிஃப்டில் ஏஜென்சி ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. ஒரே திருட்டுச் செய்தியில் முதல் பத்தியில் அலெஜ்ட்லி, அடுத்ததில் ரிப்போர்ட்டட்லி, கடைசியில் அப்பேரன்ட்லி என்று வருகிறது. மூன்றுக்கும் எங்கள் டெஸ்க்கில் 'கூறப்படுகிறது'தான். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. தமிழில் 'வந்தான்' என்பதை 'வந்தானாம்' என்று மாற்றினாலே கேள்விப்பட்ட விஷயம் என்று புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி ஒரு விகுதி இல்லை. பிறகு எப்படி அவர்கள் பார்த்ததையும் கேட்டதையும் ஊகித்ததையும் பிரித்துக் காட்டுகிறார்கள்? அகராதிப் பொருள் வேண்டாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று யாராவது சொல்லுங்கள்.

வைகைக்கரை:
தம்பி, கல்லூரியில் ஆங்கில இலக்கணம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். விகுதி இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த வேலையை ஆங்கிலம் வேறு இடங்களில் செய்துவிடுகிறது. முதல் இடம் வினைச்சொல். போனில் பேசும்போது 'யூ சவுண்ட் டயர்ட்' என்பார்கள், 'யூ லுக் டயர்ட்' என்று யாரும் சொல்வதில்லை. அதுவே வீடியோ காலாக இருந்தால் 'லுக்' தாராளமாக வரும். எந்தப் புலன் வழியாகத் தெரிந்தது என்பது வினையிலேயே இருக்கிறது.

இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது, மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது. 'ஐ ஹியர் ஹிம் சிங்கிங்' என்றால் பாட்டு என் காதில் விழுகிறது. 'ஐ ஹியர் ஹி இஸ் சிங்கிங் டுநைட்' என்றால் அவர் இன்று பாடப்போவதாக யாரோ எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், குரலை நான் கேட்கவே இல்லை. வினை ஒன்றுதான். அதன் பின்னால் வரும் வாக்கிய அமைப்பு மாறியதும் நேரில் கேட்டது கேள்விப்பட்டதாகிவிடுகிறது. 'ஐ சா ஹிம் லீவ்' என்பவர் போவதைக் கண்ணால் பார்த்தவர். 'ஐ சா தட் ஹி ஹாட் லெஃப்ட்' என்பவர் காலி நாற்காலியை மட்டும் பார்த்திருக்கலாம். சாட்சி சொன்னதை மொழிபெயர்க்கும்போது இந்த வித்தியாசம் தொலைந்தால் சாட்சியமே மாறிவிடும்.

அப்புறம் 'மஸ்ட்'. ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் 'இட் மஸ்ட் பி ரெய்னிங்' என்று சொல்ல மாட்டார். நனைந்த குடையோடு ஒருவர் உள்ளே நுழைவதைப் பார்த்தவர்தான் சொல்வார். பேசுபவருக்கு உறுதி குறைவு என்பதால் 'மஸ்ட்' வருகிறது என்பது பழைய விளக்கம். காய் ஃபான் ஃபின்டெல், ஆந்தனி கில்லீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரையில் அதை மறுத்தார்கள். உறுதி குறையவில்லை, நேரில் காணாமல் ஊகித்து அறிந்தது என்பதைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது என்றார்கள். எனக்கு அவர்கள் சொல்வதே சரியாகப் படுகிறது.

இனி உங்கள் மூன்று சொற்கள். அலெஜ்ட்லி என்றால் குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது, இன்னும் நிரூபணமாகவில்லை. சாட்டியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ரிப்போர்ட்டட்லிக்குக் குற்றம் தேவையில்லை, யாரோ தகவல் தந்திருந்தால் போதும். நடிகர் வீடு வாங்கியதற்கு ரிப்போர்ட்டட்லி பொருந்தும். அலெஜ்ட்லி போட்டால் வாங்கிய பணத்தில் ஏதோ வில்லங்கம் என்று வாசகர் நினைப்பார். அப்பேரன்ட்லிக்கு இரண்டு முகம்: கேள்விப்பட்டதற்கும் வரும், கண்ணில் பட்ட தடயத்தை வைத்து ஊகித்ததற்கும் வரும். பின்கதவின் பூட்டு உடைந்து கிடக்கிறது, திருடர்கள் 'அப்பேரன்ட்லி' அவ்வழியே வந்தார்கள் என்று செய்தி சொன்னால், அங்கே யாரும் எதையும் கூறவில்லை. 'கூறப்படுகிறது' போட்டால் இல்லாத ஒரு ஆளை நாம் பேச வைக்கிறோம்.

அங்காராவாசி:
வேலை நிமித்தம் துருக்கியில் இருக்கிறேன். இங்கே 'கெல்தி' என்றால் வந்தான், 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம் அல்லது வந்திருக்கிறான் போல. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் சோம்பல் வந்தால் 'ஹி கேம்' என்று சொல்லிவிட்டு மூலத்தை மறைத்துவிடலாம். பெரிய வித்தியாசம் அதுதான். கொலம்பியா, பிரேசில் எல்லைப் பகுதியில் பேசப்படும் துயுகா மொழியில் இப்படி மூலத்தைக் காட்டும் வடிவங்கள் ஐந்து வகை உண்டு என்று மொழியியலாளர் ஜேனட் பார்ன்ஸ் 1984இல் எழுதியிருக்கிறார்.

உறையூர் வக்கீல்:
வைகைக்கரை ஐயா சாட்சியத்தைத் தொட்டதால் வருகிறேன். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதிநியத்தின் 55ஆம் பிரிவு, இதையே சட்டமாக்கியிருக்கிறது. கண்ணால் காணக்கூடிய விஷயமானால் கண்டேன் என்பவரும், காதால் கேட்கக்கூடியதானால் கேட்டேன் என்பவரும்தான் கூண்டில் ஏற வேண்டும். சாட்சி 'ஐ வாஸ் டோல்ட்' என்று ஆரம்பித்தாலே எதிர்த்தரப்பு எழுந்துவிடும். பிரமாணப் பத்திரத்திலும் எது சொந்த அறிவு, எது பிறர் தந்த தகவல், எது நம்பிக்கை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நம்பிக்கை என்றால் அதற்கு ஆதாரம் என்ன என்றும் காட்ட வேண்டும்.

பத்திரிகைக்காரர்களுக்கு இன்னொன்று: அலெஜ்ட்லி என்ற ஒற்றைச் சொல் அவதூறு வழக்கில் உங்களைக் காப்பாற்றாது. குற்றம் சாட்டியது யார், எந்தப் புகாரில் என்று சேர்த்து எழுதுங்கள்.

இரவுமேசை:
எல்லோருக்கும் நன்றி. ஐயா, கடைசியாக ஒன்று. 'ஹி இஸ் பிலீவ்ட் டு ஹாவ் ஃப்ளெட்' என்று அடிக்கடி வருகிறது. 'தப்பியோடிவிட்டதாக நம்பப்படுகிறது' என்று போடுகிறோம். நம்புவது யார் என்று எனக்கே புரியவில்லை.

வைகைக்கரை:
மேலே உள்ள பத்தியைப் பாருங்கள் தம்பி. போலீசார் தேடுகிறார்கள் என்று இருந்தால் ஊகமும் அவர்களுடையதாகத்தான் இருக்கும். ஏஜென்சியிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொண்டு, 'தப்பியோடியிருக்கலாம் எனப் போலீசார் கருதுகின்றனர்' என்று எழுதுங்கள். ஆள் யாரென்று கடைசிவரை தெரியாவிட்டால் 'தப்பியோடிவிட்டதாகத் தெரிகிறது' போதும். 'நம்பப்படுகிறது' மட்டும் வேண்டாம், தமிழில் அது பக்தர்களின் நம்பிக்கைபோல ஒலிக்கிறது.