கலைச்சொல்: சயாட்டிகா – 'இடுப்பு நரம்பு' போதுமா?

வணக்கம்.

இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் நரம்பு வலியான சயாட்டிகாவுக்கும், அது வரும் சயாட்டிக் நரம்புக்கும் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். இங்கே வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> 'இடுப்பு நரம்பு வலி' என்றே வைத்துவிடலாம். எளிமை.

எளிமைதான். ஆனால் இடுப்பில் இருப்பது ஒரே நரம்பு இல்லையே. சயாட்டிக் நரம்பின் வேர்கள் கீழ்முதுகின் 4, 5ஆம் முள்ளெலும்புகளுக்குக் கீழிருந்தும், திருவெலும்பின் (முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்பு) முதல் 3 துளைகளிலிருந்தும் வருகின்றன. அவை ஒன்றுகூடிப் பிட்டத்துக்குள் புகுந்து, பின்தொடை வழியாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகின்றன. உடம்பிலேயே மிக நீளமான, மிகத் தடித்த நரம்பு இதுதான்.

> 'தொடை நரம்பு'?

அது முன்தொடைக்குப் போகும் வேறு நரம்பின் பெயர். பிட்டத் தசைகளுக்கும் தனி நரம்புகள் உண்டு, ஆகவே 'பிட்ட நரம்பு'ம் சரிப்படாது.

என் முன்மொழிவு 'கால் பெருநரம்பு'. பெருந்தமனி, பெருஞ்சிரை என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியிருக்கிறோம். வலிக்கு 'இறங்குவலி' என்று வைக்கலாம்.

ஏன் 'இறங்கு' என்கிறேன்? சேலத்தில் என்னிடம் வருபவர்களில் கொலுசுப் பட்டறையில் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்கள், தறிக்காரர்கள், லீ பஜாரில் மூட்டை ஏற்றுபவர்கள் அதிகம். "இடுப்புல புடிச்சு பெருவிரல் வரைக்கும் சுண்டி இழுக்குதுங்க" என்பார்கள். சொல்லிவிட்டுக் கெண்டைக்காலுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள்! பாவம், கெண்டைக்கால் என்ன செய்தது? பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி (ஊரில் 'ஜவ்வு விலகல்') நரம்பு வேரை உறுத்துவதுதான் காரணம். வயதானவர்களுக்குத் தண்டுவடக் குழாய் சுருங்குவதாலும் வரும். வலி ஓரிடம், கோளாறு வேறிடம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. குணமாகும்போது பலருக்கு வலி பாதத்திலிருந்து விலகி மேலே ஏறி, முதுகில் மட்டும் நிற்கும். முதுகு வலி கூடிவிட்டதே என்று பயப்படுவார்கள். அது பெரும்பாலும் நல்ல குறி. 'இறங்குவது' என்று பழக்கிவிட்டால் 'ஏறுகிறது, நல்லது' என்று சொல்லிப் புரியவைக்கலாம்.

நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டறிக்கைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "மூட்டையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதீர்கள், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்கள். வலி வந்தாலும் படுத்தே கிடக்க வேண்டாம், முடிந்த அளவு நடமாடுங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, தானாகப் போனாலோ, மலவாயைச் சுற்றி மரத்தாலோ, கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."

பீடி சிகரெட் தட்டைக் கெடுக்கும் என்றும் ஒரு வரி சேர்க்கலாம். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

– சேலத்திலிருந்து, இயன்முறை மருத்துவர்

* * *

ஐயா, வணக்கம். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன், செவிலியர்.

கால் பெருநரம்பு எனக்குச் சம்மதம். 'இறங்குவலி'தான் இடிக்கிறது. இங்கே காப்பித் தோட்டத்தில் 'இறக்கம்' என்றால் குடலிறக்கம். பெண்களுக்கோ கர்ப்பப்பை இறக்கம் நினைவுக்கு வரும். தாளைப் பார்த்துவிட்டு அடிவயிற்றைத் தொட்டுக்காட்டுவார்கள். தலைப்பில் 'கால் பெருநரம்பு வலி' என்று வையுங்கள். 'இறங்குகிறது, ஏறுகிறது' எல்லாம் விளக்கத்தில் வரட்டும்.

அப்புறம், பழம் பறிப்பவர்கள் சரிவில் நின்றபடி கிளையை வளைத்துப் பறிக்கிறார்கள், சாக்கை முதுகில் சுமந்து இறங்குகிறார்கள். 'அரை மணிக்கு ஒருமுறை எழுந்து' என்பது அவர்களுக்குப் பொருந்தாது. சாக்கைப் பாதியளவு நிரப்பி இரண்டு நடையாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கூலி எடைக்கணக்குதான், நடைக்கணக்கு இல்லை. மேஸ்திரி முணுமுணுப்பார், அது வேறு.

'மரத்தாலோ' என்பதை 'மதமதப்பாக இருந்தாலோ' என்று மாற்றினால் இங்கே உடனே புரியும்.