முன்பணம் கேட்கும் மெயில்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெண்பா
என் சித்தப்பாவுக்கு வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வாரிசில்லாமல் இறந்துபோன பணக்காரர், அவருடைய வக்கீல், பாதிப் பங்கு. சித்தப்பா அதை நம்பியதைக்கூட விடுங்கள், அந்தப் போலி வங்கித் தளம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர் பெயரில் கணக்கு, பாஸ்வேர்ட், எட்டு இலக்க இருப்பு எல்லாம் இருந்தது. பணத்தை மாற்றும் பட்டனை என் கண்ணெதிரே அழுத்தினார். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து, முடியப்போகும் நேரத்தில் நின்றது. 'வரிக் குறியீட்டை உள்ளிடவும்.' அந்தக் குறியீட்டுக்குத்தான் கட்டணம். ஏற்கெனவே வேறொரு குறியீட்டுக்குக் கட்டியிருந்தார். "இன்னும் இத்துனூண்டுதான்மா பாக்கி" என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

கணக்குப்புலி
எனக்கு லாட்டரி. வாங்காத சீட்டுக்குப் பரிசு! அனுப்பியவர் பெயர் ஏதோ பெரிய நிறுவனம். 'ரிப்ளை' அழுத்தினால் சம்பந்தமே இல்லாத ஓர் இலவச மெயில் முகவரி வந்து நிற்கிறது. அழித்துவிட்டேன். இத்தனை பிழைகளோடு வருவதையும் நம்புகிறவர்களை என்ன சொல்ல?

தூறல்
கணக்குப்புலி, இந்தப் பேச்சு வேண்டாமே. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம்பவே முடியாத கதையாகச் சொல்வதில் மோசடிக்காரர்களுக்கு லாபம் உண்டு என்பது அவர் வாதம். சந்தேகப்படுகிறவர் தானாக விலகிவிடுவார், மிச்சமிருப்பவரிடம் மட்டும் மெனக்கெட்டால் போதும். ஆக, நீங்கள் அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை, அவர்கள்தான் உங்களைக் கழித்துவிட்டார்கள். எனக்கு வந்த வேலை மெயிலில் ஒரு பிழைகூட இல்லை. சாட்டிலேயே நேர்காணல், உடனே வேலை உறுதி, அப்புறம் விசா கட்டணம். 'முதல் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஆளையே காணோம்.

ஓரமாய் ஒருவன்
வெண்பா, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சித்தப்பாவுக்கு அடுத்து 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று ஒரு மெயில் வரும். தோழியின் அம்மாவுக்கு வந்ததில் அவர் இழந்த தொகை பைசா சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் நம்பினார். ஏமாந்தவர்களின் பட்டியலை இந்தக் கும்பல்கள் ஒன்றுக்கொன்று விற்கின்றன, சில சமயம் அதே ஆட்களே வேறு பெயரில் வருவார்கள். மீட்பதற்கும் முன்கட்டணம் கேட்டால் அதுவும் மோசடிதான், சந்தேகமே வேண்டாம். இனி அவர்களுக்குப் பதில் போடக் கூடாது, திட்டிக்கூட எழுதக் கூடாது, முகவரி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். பழைய மெயில்களை அழிக்காதீர்கள், புகார் கொடுக்க வேண்டும். பணம் போன வழியைப் பார்த்து அந்த வங்கியிடம் உடனே பேசுங்கள். கிஃப்ட் கார்டு எண்ணாக அனுப்பியிருந்தால் கார்டு நிறுவனத்திடம். 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று அந்த வக்கீல் எழுதியிருப்பாரே? அதனால்தான் வீட்டில் கடைசியாகத் தெரிகிறது. ஸ்பானிஷ் சிறையில் வாடும் பணக்காரக் கைதியை மீட்கப் பணம் கேட்டு தபாலில் மோசடிக் கடிதம் போட்ட காலத்திலேயே ரகசியம் காக்கச் சொல்வது வழக்கம்.

கணக்குப்புலி
தூறல், கழித்துவிட்டார்கள் என்றால் சந்தோஷம்தான்.

வெண்பா
மீட்பு மெயில் வந்தே விட்டது, 'புலனாய்வு அதிகாரி'யாம். பதில் போடவில்லை என்கிறார் சித்தப்பா. ஆனால் பாஸ்போர்ட் நகலை அந்த வக்கீலுக்கு முன்பே அனுப்பியிருக்கிறார். அதற்கு என்ன செய்வது, யாருக்காவது தெரியுமா?