பத்மினி ஸ்டீயரிங் ஆட்டம்: பாக்ஸா, ஐட்லர் ஆர்மா?

வணக்கமுங்க. 1988 பிரீமியர் பத்மினி கார், வண்டி பொள்ளாச்சியில இருக்குது. சக்கரம் அசையறதுக்கு முன்னாடி ஸ்டீயரிங் விளிம்பு 50 மி.மீ. சும்மா சுத்துது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பக்கவாட்டுல அடிச்சா வண்டி ரோட்டுல அலையுது.

டயர் காத்து சரி. டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பற கம்பியோட மூட்டு) எல்லாம் புதுசு. ஜாக்கி போட்டு 12, 6 மணி இடத்துல புடிச்சு ஆட்டினா ஆட்டமில்லை; பேரிங் தேவலை. வண்டி தரையில நிக்கும்போதே ஒருத்தரை ஸ்டீயரிங்கை லேசா ஆட்டச் சொல்லி அடியில பார்த்தா, ஐட்லர் ஆர்ம் (ஸ்டீயரிங் பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் கம்பியைத் தாங்கற கை) மேலயும் கீழயும் 3 மி.மீ. குதிக்குது. பிட்மேன் ஆர்மும் (பாக்ஸ்ல இருந்து கம்பியைத் தள்ளற கை) கொஞ்சம் தாமதமாத்தான் அசையுது.

ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுத்தறதை அந்தக் கைக்குக் கடத்தற பல்சக்கரப் பெட்டி) ஸ்க்ரூவை இறுக்கினா நடுவுல ஆட்டம் போகுது, ஆனா முழுசாத் திருப்பினா இறுகிக்குது, வளைவுல திரும்பி வரமாட்டேங்குது. பாக்ஸுக்குள்ள வார்ம் (திருகுப் பல்) நடுவுலதான் அதிகம் தேயும், அதனால இருக்கும்னு பழையபடி தளர்த்தியாச்சு. பாக்ஸ்ல 90 நம்பர் கியர் ஆயில் மட்டம் சரி.

முதல்ல ஐட்லர் ஆர்ம் புஷ் (அது திரும்பற இடத்துல இருக்கற உருளை வளையம்) மாத்திட்டு அப்புறம் பாக்ஸைத் தொடலாமுங்களா? கோவை, திருப்பூர் பக்கம் கன்மெட்டல்ல (ஒரு வகை வெண்கலம்) புஷ் கடைஞ்சு குடுக்கற லேத் இருக்குதுங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.