காரைக்குடிப் பக்கம் கிட்டார் இரைச்சலுக்கு வழி தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

1979இல் வந்த பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் ‘தி வால்’ ஆல்பத்தில், ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ கடைசி சோலோவில் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மர் பிக் மஃப் பெடலை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கி நீட்டும் காலால் மிதிக்கும் கருவி) வைத்து இழுத்து இழுத்து வாசிக்கும் தொனிக்கு ஆசைப்பட்டு நானும் அந்த வகைப் பெடல் ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன். சத்தம் நீளமாக நிற்கிறது, சரி. ஆனால் வாசிப்பதை நிறுத்தினால் ஆம்ப் வண்டு மாதிரி இரைகிறது. கம்பியைத் தொட்டால் பாதி குறைகிறது, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் அடங்குகிறது. சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) கரன்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பிடிக்கத்தான் செய்யும், அதற்காக இவ்வளவா? தாத்தா காலத்து வளவு வீடு, வயரிங்கும் பழசு, எர்த் இருக்கிறதா என்பதே சந்தேகம். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா, இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு மாறுவதா, இல்லை கிட்டாருக்குள் செப்புத் தாள் ஒட்டினால் போதுமா? காரைக்குடி, தேவகோட்டையில் கிட்டார் சால்டரிங் ஒழுங்காகச் செய்பவர் இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், ரிவெர்ப் பெடல் வாங்கு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் இருக்கிற எதிரொலியே தாங்கவில்லை.